மஞ்சள் தண்ணீர் தெளித்த மூட்டைகள்

உயிரோடு இருப்பவர்கள் பிடிக்காத துணியைத்தான் கொடுப்பார்கள். செத்தவர்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே குணசுந்தரிக்கு இது பிடிபட்டுவிட்டது. கறுப்புப் பையின் வாயை அவிழ்த்ததும் ஒரே அளவுச் சட்டைகள், ஒரே அளவுச் சிலுவார் கால்சட்டைகள், மடிப்புக் கலையாத வேட்டி, துண்டு, பனியன், மேலாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, எல்லாவற்றிலும் ஒரே தைல வாசனை என்று இருந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கோலா கெத்தில் பக்கமோ புக்கிட் செலம்பாவ் பக்கமோ ஏதோ ஒரு வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருக்கிறது. யாரோ அலமாரியை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

அந்தத் தொழிற்சாலை சுங்கைப் பட்டாணியில், தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில் இருக்கிறது. ஊர் தூக்கிப்போடும் பழைய துணியெல்லாம் லாரியில் வந்து அங்கே இறங்கும். நான்கு பெண்கள் உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் கொக்கியையும் வெட்டி எடுப்பார்கள்; பருத்தியை ஒரு பக்கமும் நைலான் வகையறாவை இன்னொரு பக்கமும் பிரிப்பார்கள். பருத்தியை ஓர் இயந்திரம் கடித்துக் குதறிப் பஞ்சாக்கும். பஞ்சு சூட்டு அறைக்குப் போய் உலரும். உலர்ந்த பஞ்சை உருக்கிய பழைய பிளாஸ்டிக்கோடு பிசைந்து அச்சில் தள்ளினால் பலகை வரும். பார்க்க மரம் மாதிரியே இருக்கும், கறையான் அரிக்காது. பூங்காவில் பெஞ்சாகும், கடை வாசலில் படியாகும். வெறும் பிளாஸ்டிக் வெயிலில் தொய்ந்துவிடும், துணியின் நார் உள்ளே போனால்தான் அதற்கு முதுகெலும்பு வரும் என்பாள் எஞ்சினியர் ரூபினி. முதுகெலும்பு என்ற சொல்லைக் கேட்டாலே குணசுந்தரிக்குத் தன் இடுப்பு நினைவுக்கு வரும்.

வயது ஐம்பத்து நான்கு. புக்கிட் செலம்பாவ் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். தோட்டம் கைமாறி ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே பவுடர் நெஞ்சில் கட்டி இருமல் வந்ததும் மீன் பதப்படுத்தும் இடத்துக்கு மாறினாள். அங்கே பனியில் நின்று நின்று விரல் மரத்துப்போகத் தொடங்கியதும் இங்கே வந்தாள். ஒவ்வொரு வேலையும் அவளிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் அனுப்பி வைத்தது. இது கடைசி வேலை என்று அவளே முடிவு செய்திருந்தாள். இதற்கு மேல் எடுத்துக்கொள்ள அவளிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் விரல் மட்டும் இன்னும் அவள் சொன்னபடி கேட்டது. துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், முழுப் பருத்தியா, பாதி கலந்ததா என்று சொல்லிவிடுவாள். சட்டைக் கழுத்திலிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அவள் நம்பமாட்டாள். ரூபினி ஆரம்பத்தில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்துச் சோதிப்பாள். பத்துக்குப் பத்தும் சரியாக வந்த பிறகு தீப்பெட்டியை மேசைக்குள் போட்டுவிட்டாள்.

வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆனபோது குணசுந்தரியின் கணவர் ராமையா இறந்துபோனார். காலையில் வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தவர் மூன்றாவது உதைக்கு அப்படியே சாய்ந்தார். மோட்டாரும் அவர்மேல் சாய்ந்தது. கேதத்துக்கு வந்த ஒரு சொந்தக்காரி, தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "செத்தவங்க துணியத் தொட்டுத் தொட்டு வூட்டுக்குள்ள வர்றா. தீட்டு சும்மாவா வுடும்?"

சொன்னவள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் போய்விட்டாள். சொல் போகவில்லை. அது குணசுந்தரியோடு படுத்தது, எழுந்தது, மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து தினமும் வேலைக்கு வந்தது.

மறுபடி வேலைக்கு வந்த முதல் நாளே அவள் ஒரு சின்னப் புட்டியில் மஞ்சள் கரைத்த தண்ணீர் கொண்டுவந்தாள். சாவு வீட்டுப் பை என்று தெரிந்தால் நாலு துளி தெளித்துவிட்டுத் தொட்டாள். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். "எங்க பக்கமும் கொஞ்சம் தெளிங்கக்கா" என்றார்கள். பிறகு, எது சாவு வீட்டுப் பை எது இல்லை என்று யாருக்கு நிச்சயமாகத் தெரியும் என்றார்கள். சரிதானே? புட்டி போய்ச் சிவப்பு வாளி வந்தது, வேப்பிலைக் கொத்து வந்தது. இந்த வருடம் கோயில் வாசல்களிலும் பழைய துணி போடும் பெட்டி வைத்தார்கள். அதன் பிறகு வந்த பைகளில் பாதிக்கு மேல் தைல வாசனைதான். திங்களும் வியாழனும் லாரி இறங்கியதும், மேற்பார்வையாளர்கள் வருவதற்கு முன், மூட்டைக்கு ஒரு குவளை என்று தாராளமாக ஊற்றிவிட்டு வாயைக் கட்டி அடுக்கிவிடுவார்கள். தெளித்த பையில் கை வைக்கும்போது பயம் இல்லை. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பலகைகள் முறியத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தெற்கே ஒரு பூங்காவுக்குப் போன பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்ததும் பலகை நடுவில் பிளந்தது. நல்ல வேளை, அடிபடவில்லை. வாங்கியவர்கள் மீதி இருநூறு பெஞ்சு வேண்டாம் என்றார்கள். முறிந்த பலகை திரும்பி வந்தது. குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே பொடிப் பொடியாக ஓட்டை. பஞ்சு சரியாக உலரவில்லை என்று மேனேஜர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். ஈரம் அளக்கும் கருவி பழுதாகிப் பினாங்குக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எல்லாம் கைக்கணக்குதான். கை யாருடையது? காளிதாசனுடையது.

காளிதாசன் சூட்டு அறையைப் பார்த்துக்கொள்பவர். ராமையாவோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர், ராமையாவின் பாடையில் முன்கால் பிடித்தவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அவர் மனைவி சிகப்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நாட்களில் அரை நாள் வேலையோடு கிளம்பி மதியம் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சாயங்காலம் வரை நாற்காலியில் காத்திருந்து, திரும்பக் கூட்டிவருவார். சூட்டு அறை வாசலில் உட்கார்ந்தால் அவருக்குக் கண் சொக்கும். யாருக்குத்தான் சொக்காது? ஒரு நாள் அவர் அப்படிச் சொக்கிக்கிடந்ததை மேனேஜர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். அப்புறம் விசாரணை எதற்கு?

புதன்கிழமை காலை ரூபினி எல்லாரையும் கூட்டி நிற்கவைத்தாள். அறுத்த பலகையைக் கையில் பிடித்திருந்தாள்.

"அப்பத்துல ஓட்டை இருக்குல்ல ஆண்ட்டி, அந்த மாதிரி பாருங்க. இது மாவுக்கு நல்லது, பலகைக்கு ஆகாது. பருத்தி தண்ணிய உறிஞ்சி வெச்சிக்கும். நூத்தித் தொண்ணூறு டிகிரி சூட்டுல போனா அந்தத் தண்ணி ஆவியாகி வெளிய வர்றதுக்கு வழி தேடும். வழியில்லன்னா உள்ளாறயே குமிழ் விட்டு நிக்கும். கொஞ்சம் ஈரம் போதும் லா, மொத்த பேட்சும் போயிடும். சூட்டு அறை எப்பவும் அதே நாப்பது நிமிஷம்தான் ஓடுது. ஏன் இந்த ரெண்டு மாசமா மட்டும் காயலன்னு தெரியல."

தலையைக் குனிந்து நின்ற காளிதாசன், "நான்தான் தூங்கிட்டேன் போல, மிஸ்" என்றார்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று குணசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்துப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு வாளி கழிப்பறைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அவள் களைத்துப்போயிருந்தாள். ஐந்தாவதாக ஒரு வேலை தேட அவளுக்குத் தெம்பில்லை. இதைச் சொன்னால் வாளியைப் பிடுங்கிவிடுவார்கள், மறுபடியும் வெறுங்கையை அந்தப் பைகளுக்குள் விட வேண்டும். எல்லாம் தன்னால் சரியாகிவிடும், கருவி வந்துவிடும், மழைக்காலம் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்று மனசு நொண்டிச் சாக்கு தேடிக்கொண்டே இருந்தது. வியாழன் லாரி வந்தது. அன்றும் ஊற்றினாள். தெரிந்தே, மூட்டைக்கு ஒரு குவளை என்று ஊற்றினாள். இதை மட்டும் அவளால் பிறகு மறக்க முடியவில்லை.

வியாழன் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் செய்தி கொண்டுவந்தாள். காளிதாசனிடம் சூராட் கடிதம் எழுதி வாங்கப் போகிறார்கள். உலர்த்தாமல் விட்டது என் தவறு, நானே வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று கையெழுத்து. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு.

"பாவம் லா அண்ணன்" என்றாள் அவள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே. "நம்ம என்னா செய்ய முடியும்?"

குணசுந்தரி தன் பொட்டலத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்க இடுப்பு மறுத்தது. மேசையைப் பிடித்து எழுந்து, கழிப்பறைக்குப் பின்னால் போய் வாளியை எடுத்துக்கொண்டு, அலுவலகத்துக்குள் தட்டாமல் நுழைந்தாள். மேனேஜர் இருந்தார், ரூபினி இருந்தாள். காளிதாசன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடி கொண்டுவர மறந்ததால் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாளியை அந்தத் தாளின் மேலேயே வைத்தாள். உள்ளே அடியெல்லாம் மஞ்சள் கறை.

"தண்ணி இதுலேருந்து வந்திச்சு" என்றாள். "அண்ணன் தூங்கல. தூங்கினாலும் அதால இல்ல. நான்தான் துணிக்கு ஊத்தினேன்."

ரூபினி வாளியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "எதுக்கு ஆண்ட்டி?"

"எழவு வூட்டுத் துணிம்மா. தீட்டு. தெளிக்காம எப்படித் தொடறது?"

மேனேஜருக்கு இதை மலாயில் எடுத்துச் சொல்வதற்குள் ரூபினிக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. தீட்டுக்கு மலாயில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. செத்தவர் உடுப்பு, மஞ்சள், சுத்தம் என்று துண்டு துண்டாகச் சொன்னாள். மேனேஜர் சீனர், அறுபதை நெருங்குபவர். அவர் சிரிக்கவில்லை. வாளியை மோந்து பார்த்தார். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் எங்கள் வீட்டிலும் பூப் போட்ட தண்ணீரில்தான் முகம் கழுவுவோம் என்றார். பிறகு கடுகடுவென்று, "ஆனால் முகத்தைத்தான் கழுவுவோம். மெத்தையை இல்லை" என்றார்.

"எத்தனை மூட்டை ஆண்ட்டி?" என்று கேட்டாள் ரூபினி.

"எல்லாம்."

"எல்லாமா? ஐயோ ஆண்ட்டி. எத்தனை நாளா?"

"கோயில் பெட்டி வந்ததுலேருந்து. மூட்டைக்கு ஒரு குவளை."

ரூபினி கண்ணை மூடிக்கொண்டாள். மனசுக்குள் லிட்டர் கணக்குப் போடுகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. கண்ணைத் திறந்து, மெல்லத்தான் கேட்டாள்: "தொட்டா என்னா ஆகும்னு பயந்தீங்க?"

"வூட்டுல இருக்கறவங்களுக்கு ஆகாது."

"வீட்டுல யாரு இருக்கா?"

குணசுந்தரி வீட்டை நினைத்துப் பார்த்தாள். மகன் ஜொகூரில் இருக்கிறான், வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வருவான். வீட்டில் ஒரு மின்விசிறி ஓடுகிறது, ஓர் அலமாரி நிற்கிறது. இந்த இரண்டு வருடமாக அவள் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்? காப்பாற்ற வேண்டியவர் போன பிறகு அல்லவா தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அந்த அறையில், மூன்று பேர் முன்னால், இது அவளுக்கு முதன்முதலாக உறைத்தது. உட்கார நாற்காலி தேடினாள்.

காளிதாசனின் தாள் வாளியோடு ஒட்டிக்கொண்டு மஞ்சளாகிவிட்டிருந்தது. அதைக் கிழித்துப் போட்டார்கள். குணசுந்தரிக்குத்தான் சூராட் கிடைத்தது, இன்னொரு தடவை ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் வேலை இல்லை என்று. மற்ற மூன்று பெண்களின் பெயரை அவள் சொல்லவில்லை, அவர்களும் தாங்களாக வந்து சொல்லவில்லை.

மோட்டார் நிறுத்தும் கூரைக்கடியில் காளிதாசன் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து அவள் கூச்சத்தோடு போய் நின்றாள்.

"எப்பத் தெரிஞ்சிச்சு தங்கச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். "புதன்கிழம" என்றாள்.

"புதன்கிழம." அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "புதன்கிழம சாயங்காலம் சிகப்பிகிட்ட சொன்னேன், வேல போயிடும் போல, நான் தூங்கிட்டேன்னு. அவ என்னைத் திட்டல. என்னாலதானே உங்களுக்குத் தூக்கம் இல்லன்னு அழுவுறா. இனிமே ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு ஒரே அடம். நேத்து வாசப்படியவிட்டுத் தாண்டல." தலைக்கவசத்தைத் தலையில் மாட்டினார். "எனக்கே நம்பிக்கை வந்திருச்சு தங்கச்சி, நான்தான் தூங்கிட்டேன்னு. ரெண்டு நாளு நான் அப்படியே நம்பிக்கிட்டு இருந்தேன். நீ பாத்துக்கிட்டு இருந்தே."

அவர் மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அலமாரியைத் திறந்தாள். ராமையாவின் துணி இரண்டு வருடமாக அப்படியே இருந்தது. பதினாறாம் நாள் எல்லாரும் கேட்டபோது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். கொடுத்தால் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், யார் கைக்கு வரும் என்றும் தெரியும். தன் கணவர் துணிக்கே மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தொட வேண்டியிருக்குமே என்ற எண்ணத்தை அவளால் தாங்க முடியவில்லை. இப்போது ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள். எல்லாம் நல்ல பருத்தி. நைலான் உடம்பில் பட்டால் மனுஷருக்குப் புழுங்கும். கழுத்துச் சீட்டைக்கூடப் பார்க்கமாட்டார், அவளிடம் கொடுத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்வார். கறுப்புப் பையில் மடித்து வைத்தாள். கடைசியில் வாயைக் கட்டும்போது அழுதாள். யாரும் இல்லாத வீடு, சத்தம் போட்டே அழுதாள்.

திங்கட்கிழமை லாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. பெண்கள் மூவரும் கத்தரியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தைல வாசனை வந்தது. யாரும் கையை விடவில்லை. "நீங்க மொதல்ல ஆரம்பிங்கக்கா" என்றாள் ஒருத்தி.

குணசுந்தரி தன் மோட்டாரிலிருந்து கொண்டுவந்த பையை மேசைமேல் வைத்து அவிழ்த்தாள். அது யாருடைய துணி என்று அவள் சொல்லவில்லை. வெறுங்கையை உள்ளே விட்டு முதல் சட்டையை எடுத்துப் பொத்தானை வெட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஆளுக்கொரு பையை இழுத்துக்கொண்டார்கள்.

புது உத்தரவுப்படி, கடிக்கும் இயந்திரத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு சக்கரக் கூண்டுத் துணியையும் காளிதாசன் தொட்டுப் பார்த்து அனுப்ப வேண்டும். பத்து மணிக்கு வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்தார். மேலாகக் கிடந்தது பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. ஒரு தீபாவளிக்கு சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவில், இரண்டு எடுத்தால் விலை குறையும் என்று ராமையாவும் அவரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்தது. அதன் ஜோடி இன்னும் அவர் வீட்டுக் கொடியில் தொங்குகிறது.

அவர் நின்றுவிட்டார். குணசுந்தரி கத்தரியை நிறுத்தவில்லை. தலையைத் தூக்கினால் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

காளிதாசன் சட்டையை எடுத்தார். கழுத்துப் பட்டையை விரலால் தேய்த்தார், கக்கத்தில் தேய்த்தார், உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு உத்தரவு கேட்டதைவிட அதிக நேரம் அப்படியே இருந்தார். பிறகு மடித்துக் கூண்டில் வைத்தார்.

"காஞ்சுதான் இருக்கு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கூண்டைத் தள்ளிக்கொண்டு போனார்.